'அது போலிக் கணக்கு' என்று புகார் வந்தால்: குழுப் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்களுக்கு

விருதுநகர் மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வார ஒரு குழு வைத்திருக்கிறோம். மூன்று ஆண்டுகள் அதற்கு நான் செயலாளர். வாட்ஸப் குழுவில் 340 பேர். பாதிப் பேர் ஊரில் இருக்கிறார்கள். மற்றவர்கள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு வியாழக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு, பதினொரு ஸ்கிரீன்ஷாட்டுகளை நம்பி, ஓர் உறுப்பினரைப் போலிக் கணக்கு என்று அறிவித்து வெளியேற்றினேன். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைச் சரிசெய்ய இருபத்து மூன்று நாள் ஆனது.

வெளியேற்றப்பட்டவரின் முகப்புப் படம் ஒரு மல்லிகைப் பூ. குழுவில் சேர்ந்து இரண்டு மாதம் பேசாமல் இருந்தவர், அன்று மாலை ஒரு கேள்வி கேட்டார்: "ஜேசிபி 42 மணி நேரம் ஓடியதாகக் கணக்கில் இருக்கிறது. நடுவில் இரண்டு நாள் மழை. அந்த இரண்டு நாளும் ஓடியதா?" அடுத்த மூன்று மணி நேரத்தில் புகார் வந்தது. மனக்கசப்போடு விலகிப் போன முன்னாள் பொருளாளர்தான் பெண் பெயரில் வந்திருக்கிறார் என்றார்கள். நானும் நம்பினேன்.

ஊர்க் குழு, பழைய மாணவர் சங்கம், குடியிருப்போர் சங்கம், கோயில் திருப்பணிக் குழு என்று எதற்காவது நீங்கள் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தால் இப்படி ஒரு புகார் ஒருநாள் உங்கள் கைக்கும் வரும். கையில் உறுதியான சான்று இருக்காது. ஆனால் முடிவு சொல்லுங்கள் என்று எல்லோரும் நெருக்குவார்கள். அப்போது என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதல் 24 மணி நேரம் யாரையும் நீக்காதீர்கள்

நீக்கப்பட்டவரால் பதில் சொல்ல முடியாது. பிறகு அவர் பதில் சொல்லாததையே சான்றாக நீட்டுவார்கள். எங்கள் குழுவில் மறுநாள் காலை ஒருவர், "உண்மையான ஆளாக இருந்தால் இந்நேரம் வந்து விளக்கம் சொல்லியிருக்க மாட்டாரா?" என்று எழுதினார். எப்படி வருவார்? கதவைச் சாத்தியவனே நான்தான்.

சண்டை முற்றினால், குழு அமைப்பில் 'பொறுப்பாளர்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்பதை ஓர் இரவுக்கு இயக்கி வையுங்கள். இரு தரப்பும் அடங்கும். "புகார் வந்திருக்கிறது, விசாரிக்கிறோம், ஞாயிறுக்குள் சொல்கிறோம்" என்று இரண்டு வரி போடுங்கள். யார் மீது என்று எழுத வேண்டாம்.

பெயரை வெளியிடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2013 ஏப்ரலில் நடந்த பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு ஓர் உதாரணம். படங்களை ஒப்பிட்டுப் பார்த்த இணையவாசிகள், காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவரைக் குண்டு வைத்தவர் என்று அறிவித்தார்கள். சில நாளில் அவருடைய உடல் ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்த ரெடிட் தளம் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது.

2. புகாரை எழுத்தில் வாங்குங்கள்

தொலைபேசியில் சொன்னதையும் டீக்கடையில் சொன்னதையும் புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தக் கணக்கு? அதை உண்மையில் யார் நடத்துவதாகச் சொல்கிறார்கள்? அதனால் குழுவுக்கு என்ன கெடுதல் நடந்தது? கையில் என்ன சான்று இருக்கிறது? எழுதித் தாருங்கள் என்று கேட்ட உடனே பாதிப் புகார்கள் காணாமல் போகும்.

எழுதி வந்தால், அது கீழே உள்ள நான்கில் எது என்று பாருங்கள். 'போலி' என்ற ஒரே சொல்லில் நான்கையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, புனைபெயர். சொந்தப் பெயர் போடாமல் எழுதுவது குற்றமன்று. மனைவி பெயரில் கதை எழுதிய பொறியாளரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊர் இது. இரண்டு, ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்திருப்பது. தமிழ் விக்கிப்பீடியாவில் இதைக் கைப்பாவைக் கணக்கு என்கிறார்கள். இரண்டு கணக்கு இருப்பதே தவறாகிவிடாது. இரண்டிலிருந்தும் வாக்களிப்பது, தனக்குத் தானே ஆதரவு சொல்லிக்கொள்வது ஆகியவைதான் தவறு. மூன்று, உயிரோடு உள்ள இன்னொருவரின் பெயரையும் படத்தையும் எடுத்துக்கொண்டு அவராக நடிப்பது. நான்கு, அப்படி நடித்துப் பணம் பறிப்பது.

முதல் இரண்டும் உங்கள் குழுவின் விதிமுறை சார்ந்தவை. பின்னிரண்டும் சட்டம் சார்ந்தவை. அவற்றை எட்டாவது படியில் சொல்கிறேன். எங்கள் புகார் இரண்டாவது வகை. எங்கள் விதிமுறையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இல்லாத விதியை வைத்துத்தான் ஒருவரை நீக்கியிருக்கிறேன்!

3. ஆவணங்களை அன்றே எடுத்து வையுங்கள்

வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்தலாம்; இரண்டு நாளைக்குச் சற்றுக் கூடுதலாக, 'எல்லோருக்கும் அழி' என்பதையும் பயன்படுத்தலாம். மறையும் செய்திகள் இயக்கத்தில் இருந்தால் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ எல்லாம் தானாகப் போய்விடும். ஆகவே புகார் வந்த அன்றே குழு உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஏதும் இல்லை. அந்தக் கோப்பைத் திறந்து திருத்தாதீர்கள். பார்ப்பதற்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் என்பது ஆவணத்தின் நிழல்தான். இரண்டு இடத்தில் நான் ஏமாந்தேன்.

முதலாவது, பெயர். ஸ்கிரீன்ஷாட்டின் மேலே தெரியும் பெயர், படம் எடுத்தவர் தன் தொலைபேசியில் சேமித்து வைத்திருக்கும் பெயர். உங்கள் எண்ணை நான் 'தண்டல்காரர்' என்று சேமித்தால், நீங்கள் அனுப்பும் காலை வணக்கமும் தண்டல்காரர் பெயரில்தான் என் திரையில் வரும். எனக்கு வந்த பதினொன்றில் மூன்று படங்களில் மல்லிகைப்பூவின் எண் முன்னாள் பொருளாளரின் பெயரில் இருந்தது. 'பார்த்தீர்களா?' என்று சிவப்பு வட்டம் வேறு போட்டிருந்தார்கள். பார்த்தேன், அவர்கள் சேமித்ததைப் பார்த்தேன்.

இரண்டாவது, நேரம். "அவர் இருக்கும் நேரத்தில் இவர் வருவதே இல்லை, ஆகவே ஒரே ஆள்" என்பது புகாரின் முதுகெலும்பு. பொருளாளர் பள்ளி நண்பர்கள் குழுவில் இரவு 11.32-க்கு எழுதிய செய்தி ஒரு படம். மல்லிகைப்பூ எங்கள் குழுவில் 9.03-க்கு எழுதியது இன்னொரு படம். பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. முதல் படத்தை எடுத்தவர், புகார் சொன்னவரின் அக்கா மகன், சிங்கப்பூரில் இருப்பவர். வாட்ஸப் அந்தந்தத் தொலைபேசியின் உள்ளூர் நேரத்தைத்தான் காட்டும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த 11.32 நமக்கு 9.02. இருவரும் ஒரு நிமிட இடைவெளியில் எழுதியிருக்கிறார்கள். இதனால் அவர்கள் இரு வேறு ஆட்கள் என்று நிரூபணம் ஆகிவிடாது. இரண்டு தொலைபேசி வைத்திருப்பவரும் அப்படிச் செய்யலாம். ஆனால் புகாரின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் யார் எடுத்தது, எந்த ஊரில், எந்தத் தொலைபேசியில் என்று எழுதி வாங்குங்கள்.

4. ஒவ்வொரு சான்றையும் வேறு பத்துப் பேர் மீது வைத்துப் பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். புகார் சொல்பவர் இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொண்டு ஒற்றுமைகளைத் தேடுவார். தேடினால் கிடைக்கத்தான் செய்யும். அதே ஒற்றுமை, புகாரில் இல்லாத எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை அவர் பார்க்க மாட்டார். அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். குழுவிலிருந்து குருட்டாம்போக்கில் பத்துப் பேரை எடுத்து அதே சல்லடையில் போடுங்கள். ஏழு பேர் சிக்கினால் சல்லடை வேலைக்கு ஆகாது. ஓர் ஒழிவான மாலை போதும்.

எழுத்து நடை: இருவரும் கண்மாயை 'கம்மாய்' என்று எழுதுகிறார்களாம். எங்கள் ஊரில் அப்படி எழுதாதவரைத்தான் தேட வேண்டும். 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒள' என்று இரண்டு எழுத்தாக அடிக்கிறார்களாம். நான் எடுத்த பத்துப் பேரில் ஆறு பேர் அப்படித்தான். பேசினால் எழுத்தாகும் வசதியைப் பயன்படுத்துபவர்கள் எல்லோரும் முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரே நடையில்தான் 'எழுதுவார்கள்'.

இதில் ஒன்று மட்டும் என்னை உண்மையிலேயே அசைத்துப் பார்த்தது. ஜேசிபி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. உரையாடல் கோப்பில் அந்த ஊர்ப் பெயரைத் தேடினால் சிலருடைய செய்திகள் சிக்கின, சிலருடையவை சிக்கவில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒரே 'ஸ்ரீ'தான். உள்ளே பார்த்தால், சில விசைப்பலகைகள் ஸகரத்தை வைத்து அதை உருவாக்குகின்றன. சில, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் 2005-இல் சேர்ந்த ஶகரத்தை வைத்து உருவாக்குகின்றன. மல்லிகைப்பூவும் பொருளாளரும் இரண்டாவது வகை. கைரேகையே கிடைத்துவிட்டது என்று அந்த சிங்கப்பூர்த் தம்பி குதித்தார். பிறகு அந்த ஊர்ப் பெயரை எழுதிய எல்லோரையும் எண்ணினேன். 58 பேரில் 21 பேர் ஶகரக்காரர்கள், நானும் அதில் ஒருவன். அது விசைப்பலகையின் ரேகை, ஆளின் ரேகையன்று.

நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும், ஆனால் எப்படி என்று பாருங்கள். 2013-இல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் வந்த துப்பறியும் நாவலை எழுதியவர் ஜே. கே. ரவுலிங் என்று லண்டன் பத்திரிகை ஒன்றுக்குத் துப்புக் கிடைத்தது. அமெரிக்கப் பேராசிரியர் பேட்ரிக் ஜுவோலா கணினியில் ஒப்பிட்டார். ரவுலிங்கின் எழுத்தோடு நிறுத்தாமல், வேறு மூன்று நாவலாசிரியர்களின் எழுத்தையும் சேர்த்து வைத்து ஒப்பிட்டார். கையில் முழு நாவல் இருந்தும், ஒப்பீடு 'பொருந்துகிறது' என்ற அளவில்தான் நின்றது. பத்திரிகை நேரடியாகக் கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகே விஷயம் முடிந்தது. நம் கையில் இருப்பதோ நாற்பது குறுஞ்செய்தி.

முகப்புப் படம்: சொந்த முகம் இல்லை என்பது சான்றே ஆகாது. எங்கள் குழுவில் உள்ள பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பூ, குழந்தை, சாமி படம்தான். காரணம் உங்களுக்கும் தெரியும். முகம் இருந்தால்தான் சோதிக்க வேண்டும். கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ அந்தப் படத்தைப் போட்டுத் தேடுங்கள், இரண்டும் இலவசம். அதே படம் வேறு பெயரில், வேறு ஊரில், பழைய தேதியில் கிடைத்தால் அது கனமான சான்று. எதுவும் கிடைக்கவில்லை என்றால் படம் உண்மை என்று பொருளில்லை. இணையத்தில் இதுவரை இல்லை என்பது மட்டுமே பொருள். இல்லாத மனிதரின் முகத்தை இப்போது கணினியே வரைந்து கொடுக்கிறது.

ட்ரூகாலர்: மல்லிகைப்பூவின் எண்ணைப் போட்டால் 'உரக்கடை' என்று வந்தது. முன்னாள் பொருளாளர் உரக்கடை வைத்திருப்பவர். நான் விழுந்த பள்ளம் இதுதான். அந்தச் செயலி காட்டும் பெயர் பெரும்பாலும் ஊரார் தங்கள் தொலைபேசியில் சேமித்துவைத்த பெயர். அரசுப் பதிவேடு கிடையாது. போதாக்குறைக்கு, துண்டிக்கப்பட்ட கைபேசி எண்கள் 90 நாள் கழித்து வேறு ஆளுக்குப் போகலாம். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே வரும். இந்த எண்ணின் கதை வேறு, பின்னால் சொல்கிறேன்.

யுபிஐ: ஒரு ரூபாய் அனுப்புவதுபோல் எண்ணைத் தட்டினால் வங்கிக் கணக்கின் பெயர் தெரியும். அது கணக்கு வைத்திருப்பவரின் பெயர். தொலைபேசியில் பேசுபவரின் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. கணவர் பெயர், மகன் பெயர் வருவது சகஜம். தெரியாத ஒருவரின் வங்கிப் பெயரை எட்டிப்பார்ப்பது நாகரிகமும் இல்லை. நான் செய்தேன், இப்போது செய்ய மாட்டேன்.

ஐபி முகவரி: இணைய இணைப்புக்குக் கிடைக்கும் எண். வாட்ஸப்பில் பொறுப்பாளருக்கு இது தெரியாது. எங்கள் நன்கொடைத் தளத்தில் பதிவானதை வைத்து 'இரண்டும் ஒரே ஐபி, இடம் சென்னை' என்றார்கள். கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்களை அடுக்கி வைக்கின்றன. உலகத்தில் உள்ள பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. போதவில்லை என்பதால் வந்த ஏற்பாடு இது. இடம் என்று காட்டுவதும் பெரும்பாலும் நிறுவனத்தின் இணைப்பு மையம் இருக்கும் நகரம். எங்கள் கண்மாய்க்கரையில் நின்று என் தொலைபேசியில் பார்த்தேன். நானும் சென்னையில்தான் இருந்தேன்.

5. குற்றம் சாட்டப்பட்டவரிடமே கேளுங்கள்

வேடிக்கை என்னவென்றால், இந்தப் படியை யாரும் செய்வதில்லை. தனிச் செய்தியில் இப்படி அனுப்புங்கள்:

"வணக்கம். உங்கள் கணக்கை வேறொருவர் நடத்துவதாக எழுத்தில் புகார் வந்திருக்கிறது. சான்றாகத் தந்தவை கீழே உள்ளன. நாங்கள் எந்த முடிவுக்கும் வரவில்லை. ஞாயிறு இரவு 8 மணிக்குள் எழுத்திலோ குரல் பதிவாகவோ விளக்கம் தரலாம். கூடுதல் நேரம் தேவைப்பட்டால் கேளுங்கள்."

72 மணி நேரமாவது கொடுங்கள். புகார்தாரர் பெயரை மறைக்கலாம், சான்றை மறைக்காதீர்கள். எதை மறுக்க வேண்டும் என்றே தெரியாதவரால் எதை மறுக்க முடியும்?

ஆதார் நகல் கேட்காதீர்கள். அது உங்கள் கைபேசியில் கிடந்து நாளைக்கு எங்காவது போனால் பொறுப்பு உங்களுடையது. அவராகவே காட்ட விரும்பினால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் காணொளி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள், சேமிக்க வேண்டாம். அதையும்விட எளிது, நேரில் அறிந்த இரண்டு பேர். அவருக்கும் உங்களுக்கும் பொதுவாகத் தெரிந்த இருவர் 'இந்த எண் இவருடையதுதான்' என்று சொன்னால் போதும். பதிவேட்டில் 'நேரில் அறிந்தவர் இருவர், தேதி' என்று மட்டும் எழுதுங்கள்.

மல்லிகைப்பூ பேசியது எனக்கு ஏழு நிமிடக் குரல் பதிவாக, நீக்கி ஒன்பதாவது நாள் வந்தது. அதுவும் நான் கேட்டு வரவில்லை. சத்துணவுக் கூடத்து அக்கா ஒருவர் வழியாக வந்தது. "அண்ணே, நான் கீழத்தெரு. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன்" என்று தொடங்கினார். குழி அளந்து மண் கணக்குப் போட்டுப் பழகியவர். அதனால்தான் 42 மணி நேரம் அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. எண் அவர் கணவருடையது. கணவர் துபாய் போகும்முன் அந்த உரக்கடையில் சுமை வண்டி ஓட்டியவர். ஊரே அவரை 'உரக்கடை' என்றுதான் சேமித்து வைத்திருந்தது. ஆக, ட்ரூகாலர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் தவறாகப் படித்தோம்.

6. புகார்தாரருக்கு என்ன அக்கறை என்றும் பாருங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் புகாரைக் கொண்டுவந்தவர்தான் ஜேசிபி பேசி அழைத்து வந்தவர். அதனால் மட்டும் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. உள்நோக்கம் உள்ளவரும் உண்மை சொல்லலாம். ஆனால் அவரை விசாரணைக் குழுவில் உட்கார வைக்கக் கூடாது. நான் உட்கார வைத்திருந்தேன்.

7. முடிவை மூன்று வார்த்தைகளில் ஒன்றாக எழுதுங்கள்

'உறுதி', 'சாத்தியம்', 'சான்று போதாது'. இந்த மூன்றே போதும். விக்கிப்பீடியாவில் கைப்பாவைக் கணக்குகளை ஆராயத் தனி அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நமக்குக் கிடைக்காத தொழில்நுட்பத் தரவு அவர்களுக்குக் கிடைக்கும். அவர்களே எல்லாவற்றையும் ஆம், இல்லை என்று முடிப்பதில்லை. சாத்தியம், ஐயத்துக்குரியது என்று படிப்படியாகத்தான் எழுதுகிறார்கள்.

'உறுதி' என்று எழுத, ஒன்றையொன்று சாராத இரண்டு மூன்று சான்றுகள் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். 2011-இல் டமாஸ்கஸ் நகரத்துப் பெண் என்று உலகமே நம்பிய ஒரு வலைப்பதிவர், எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க ஆண் என்று வெளியானது. அங்கே படத்துக்குச் சொந்தக்காரரான லண்டன் பெண் தானே முன்வந்து 'இது என் படம்' என்றார். ஐபி தடங்களும் ஓர் அஞ்சல் முகவரியும் வெவ்வேறு வழியில் ஒரே ஆளிடம் போய் நின்றன. கடைசியில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த அளவுக்கு வேண்டும். பதினொரு ஸ்கிரீன்ஷாட்டும் ஒரே தம்பியிடமிருந்து வந்தால் அது பதினொரு சான்றன்று, ஒன்றுதான்.

'சான்று போதாது' என்று எழுத வெட்கப்பட வேண்டாம். பெரும்பாலும் அங்கேதான் முடியும். ஆள் யார் என்று தெரியாமலேயே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. வாக்கெடுப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு என்று வைக்கலாம். பணம் கையாளும் பொறுப்பை நேரில் அறிந்தவர்களுக்கு மட்டும் தரலாம். வசைச் சொல்லுக்கு யாரானாலும் ஒரே தண்டனை என்று எழுதலாம். கணக்குக் கேட்பவர் யாராக இருந்தாலும், சரி, முன்னாள் பொருளாளராகவே இருந்தாலும், ரசீதைப் போட்டுவிடலாம். அன்று இரவு நான் ரசீதைப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

8. போலீஸ், சட்டம், கெடு

பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது. மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கும் போகலாம். எதற்கும் கட்டணம் இல்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, பிறருடைய கடவுச்சொல் போன்ற அடையாளங்களை மோசடியாகப் பயன்படுத்துவது. 66டி, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஏமாற்று இல்லாத வெறும் புனைபெயர் இதில் வராது. புகார் மனுவில் இதைக் கலந்து எழுதினால் எழுத்தரே திருப்பி அனுப்பிவிடுவார்.

உங்கள் பெயரில் யாரோ கணக்குத் திறந்திருந்தால், முதலில் அந்தச் செயலியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021-இல் விதிகள் வந்தபோது, புகாரைப் பெற்றதாக 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிக்க வேண்டும், ஆள்மாறாட்டப் படம் என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை வேண்டும் என்று கெடு வைத்தார்கள். விதிகள் திருத்தப்பட்டு வருவதால், எழுதும் நாளில் உள்ள கெடுவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கு வரை போகும் என்று தோன்றினால் மூலத் தொலைபேசியை விற்காதீர்கள், மாற்றாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றோடு இரண்டு பகுதிச் சான்றிதழ் தர வேண்டும். ஒன்று தருபவருடையது, இன்னொன்று நிபுணருடையது. கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறி) அதில் வேண்டும். மூன்றாவது படியில் 'கோப்பைத் திருத்தாதீர்கள்' என்றது இதற்காகத்தான்.

பொறுப்பாளர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிறர் போட்ட செய்திக்கு நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள். 2021 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அப்படிச் சொன்னது. ஆனால் 'இவர் போலி' என்று நீங்களே எழுதினால் அது உங்கள் எழுத்து. அவதூறுக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 356-இல் இரண்டாண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. வழக்கறிஞர் இதை எனக்கு விளக்க வாங்கிய கட்டணம் 1,500 ரூபாய். இரண்டு நாள் விடுப்பு, விருதுநகருக்குப் பஸ் செலவு தனி.

9. தவறு செய்துவிட்டால்

நீக்கிய அதே குழுவில், அதே அளவுக்கு எல்லோரும் பார்க்கும்படி, திருத்தம் போடுங்கள். தனிச் செய்தியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குழுவில் மௌனமாக இருக்காதீர்கள். நான் போட்டது மூன்று வரி: இன்ன தேதியில் இவரை நீக்கினேன், சான்றுகளைச் சரிபார்க்காமல் செய்தேன், அவர் நம் ஊர்க்காரர் என்று நேரில் அறிந்த இருவர் உறுதி சொல்லியிருக்கிறார்கள். 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்' என்ற வரியை எழுதி, அழித்தேன். முன்னாள் பொருளாளரிடம் உரக்கடைக்கே போய்ச் சொன்னேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார், பேசவில்லை.

திரும்பச் சேர்க்கும்முன் அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். மல்லிகைப்பூவுக்கு யோசிக்க ஒரு வாரம் ஆனது. வந்தார். மூன்றாம் நாள் எழுதினார்: "அண்ணே, அந்த ஜேசிபி ரசீது?"

தேடி எடுக்க நான்கு நாள் ஆனது. வண்டிக்காரர் கையெழுத்துப் போட்ட தாளில் 31 மணி நேரம் என்று இருந்தது. ஜேசிபி பேசி வந்தவருக்கு அன்றே தனிச் செய்தி அனுப்பினேன்: ரசீதின் நகல், எங்கள் கணக்கின் நகல், நாங்கள் எந்த முடிவுக்கும் வரவில்லை என்ற வரி, விளக்கத்துக்கு 72 மணி நேரம்.